முதல் அடுப்புக்காரி

எங்கள் மேட்டுக்கு முதலில் குடிவந்தது யார் என்று கேட்டால், போன வருடம் வரை தெருவில் எல்லாருக்கும் ஒரே பதில்தான். கொத்தனாரின் மூத்த தாரம், மூத்தவள். முள்ளும் கல்லுமாகக் கிடந்த இந்த மேட்டில் புருஷனோடு வந்து, கீழேயிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கி, நாலு சுவர் எழுப்பி அடுப்பு மூட்டியவள். அவள் வீட்டில் புகை வந்ததைப் பார்த்துத்தான் ‘அட, அங்கே மனுஷர் இருக்கலாம் போலிருக்கே’ என்று மற்றவர்கள் ஏறி வந்தார்கள். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். என் தையல் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் மேடேறி வந்தபோது, குடிக்கத் தண்ணீர் கொடுத்தவள் அவள்.

மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மறு வருடம் கொத்தனார் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். தெரு அவளுக்கு இளையவள் என்று பேர் வைத்தது. அவள் காதுபடவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள், வேறு என்ன செய்வாள்.

இளையவள் சந்தையில் வெங்காயம் தரம் பிரிக்கிறவள். காலையில் போனால் மத்தியானம் தாண்டித்தான் வருவாள். வந்த கையோடு வீடு கூட்டி, துணி அலசி, சோறாக்கி வைத்துவிடுவாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் செத்தவளோடு மல்லுக்கட்டுவதுதான் அவளுக்கு முழுநேர வேலை. உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றாலாவது வாசலில் நின்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம். செத்தவளை என்ன கேட்பது? அவளுக்கு வயசாகாது, கோபம் வராது, குழம்பில் உப்புக் கூடாது. இளையவள் எதைச் செய்தாலும் யாராவது ஒருத்தி வந்து, “மூத்தவ இருந்தப்போ இந்த வாசல்ல...” என்று ஆரம்பித்துவிடுவாள்.

வந்த புதிதில் அவள் செய்த முதல் காரியம், சமையலறைத் தரையை முழங்கால் உயரத்துக்கு ஏற்றியது. மூத்தவளின் விறகடுப்பு உள்ளே இருக்க, கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பி, மேலே சிமெண்ட் போட்டு, சிவப்பு பூசி, மேடை கட்டி கேஸ் அடுப்பு வைத்தாள். எல்லாம் கொத்தனார் கையாலேயே செய்ய வைத்தாள். என் மெஷின் ஜன்னலுக்கும் அவர்கள் சமையலறைக் கதவுக்கும் நடுவே ஒரு சந்துதான். எனக்கு எதுக்கு வம்பு என்று இருக்கிற ஆள் நான் இல்லை. கேட்டுவிட்டேன்.

“ஏன்டி, இடிச்சுட்டா வேலை முடிஞ்சுதே. இவ்வளவு மண்ணு எதுக்கு?”

“இடிக்க மாட்டேங்கறாரு டைலரக்கா. மூடறதுக்குத்தான் ஒத்துக்கிட்டாரு.”

அந்தத் தரையை அவள் தினமும் தேய்ப்பாள். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும். அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் அவள் கொண்டுவந்தது என்று சொல்ல அந்தத் தரை ஒன்றுதான் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் பழங்காலத்தைத் தோண்டுகிற ஆட்கள் வந்தார்கள். ஒரு அம்மா, அவளோடு படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர். கொத்தனார் வீட்டுக் கொல்லையில் கயிறு கட்டிச் சதுரமாகக் குழி வெட்டினார்கள். வெட்டினார்கள் என்று சொல்வதே தப்பு. சின்னக் கரண்டியால் சுரண்டுவதும், பிரஷ்ஷால் தட்டுவதும், மண்ணைச் சல்லடையில் போட்டு ஆட்டுவதும்தான் நாள் பூராவும். “எங்க வீட்டு மாப்பிள்ளை சோத்துல கல்லு பொறுக்கற மாதிரி இருக்கு” என்றார் என் வீட்டுக்காரர். அந்த அம்மாவுக்குத் தெரு குழியம்மா என்று பேர் வைத்தது. நல்ல மனுஷி. பேரைக் கேட்டுச் சிரித்துக்கொண்டாள்.

ஒருநாள் குழியம்மா குழிக்குள்ளிருந்து இளையவளைக் கூப்பிட்டாள். நானும் போய் எட்டிப் பார்த்தேன். ஆள் உயரத்துக்குக் கீழே, குழிச் சுவரில், கறுப்பும் சிவப்புமாக ஒரு கோடு ஓடியது.

“இது கருகின தரைம்மா. யாரோ களிமண் தரை போட்டு, அடுப்பு எரிச்சிருக்காங்க. இரும்புன்னா என்னன்னே தெரியாத காலம். இந்தப் பக்கத்துக்கே முதல்ல குடிவந்தவங்க இவங்களா இருக்கலாம்.”

“இந்த மேட்டுக்கா?”

“அப்போ இது மேடே இல்ல. இவங்க இருந்தாங்க. வீடு இடிஞ்சுது. அது மேல அடுத்தவங்க வந்தாங்க. அதுவும் இடிஞ்சுது. இப்படி ஒருத்தர் மேல ஒருத்தர் இருந்து இருந்துதான் மேடாச்சு.”

இளையவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்று கூட அப்படி மலர்ந்திருக்காது.

“அப்போ முதல்ல வந்தது மூத்தவ இல்ல?”

“யாரும்மா மூத்தவ?”

“யாரும் இல்ல மேடம், நீங்க சொல்லுங்க. இங்க முதல் அடுப்பு மூட்டினது வேற ஒருத்தி. அதானே?”

“அப்படித்தான் தோணுது. ஆனா இந்தத் தரை உங்க சமையலறைக்கு அடியில போகுது. உள்ள தோண்ட விட்டாதான் நிச்சயமாச் சொல்ல முடியும். முடிச்சதும் மூடிக் கொடுத்துடுவோம். வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க.”

“வீட்டுக்காரி சொல்றேன்ல? தோண்டுங்க.”

கொத்தனாரிடமும் அன்று சாயங்காலமே சம்மதம் வாங்கிவிட்டாள். அந்த மனுஷருக்கு வீட்டுக்கு வந்தால் வாயில் வார்த்தை இருக்காது. “என்னமோ பண்ணிக்கோ” என்று குளிக்கப் போய்விட்டார். இளையவள் சந்தின் குறுக்கே ஓடி என் ஜன்னலுக்கு வந்தாள்.

“இனிமே எவளாவது என் வாசல்ல நின்னு, ‘முதல்ல வந்த புண்ணியவதி’ன்னு இழுக்கட்டும். கூட்டிட்டுப் போய்க் குழியைக் காட்டறேன். உங்க மூத்தவளுக்கு முன்னாடியே ஒருத்தி வந்து ஆக்கித் தின்னுட்டுப் போயாச்சுடின்னு சொல்றேன்!”

எனக்கும் அப்போது உறைக்கவில்லை. கிணறு மாதிரி ஒரே போடாகப் போட்டு அடிக்குப் போய்விடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். மேலேயிருந்து ஒவ்வொன்றாக இறங்கித்தானே போக வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

முதலில் இளையவளின் தரையை உடைத்தார்கள். கொத்தனார் வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். கடப்பாரை விழுந்ததும் சிவப்புச் சில்லுகள் தெறித்தன. கூடை கூடையாக அள்ளி, சந்தில் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் கொட்டினார்கள். சல்லடையில் போட்டு ஆட்டட்டுமா என்று ஒரு பையன் கேட்டான். “வேணாம், அது புதுசு. அப்படியே தூக்கிப் போட்டுடுங்க” என்றாள் ஒரு பெண். அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் இளையவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள், சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

மறுநாள் நிரப்பியிருந்த கல்லையும் மண்ணையும் அள்ள அள்ள, மூத்தவளின் அடுப்பு மேலே வந்தது.

அப்படியே இருந்தது. இரண்டு வாய், பக்கத்தில் ஒரு சின்னக் குழிவு. மேலே பூசிய மண்ணில் ஒரு விள்ளல் கூட விழவில்லை. பால் பொங்கி வழிந்த தடம் கூட இருந்தது. குழியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிரஷ் எடுத்தாள். மண்டியிட்டுத் துடைத்தாள். பக்கத்தில் அளவுகோல் வைத்து நாலு பக்கமும் படம் எடுத்தார்கள்.

“மேடம், இது பழசு இல்ல. இது இவரு மொதல் சம்சாரத்தோடது” என்றாள் இளையவள்.

“இருக்கட்டும்மா. இதுவும் ஒரு அடுக்குதானே. எப்படிக் கட்டினாங்க, என்ன எரிச்சாங்க, எல்லாம் பதிவு பண்ணிட்டுத்தான் கீழ போகணும்.”

“என் தரையைப் பதிவு பண்ணலையே?”

குழியம்மா மறுபடி பிரஷ்ஷை எடுத்தாள். மேடத்தைச் சொல்லிக் குற்றமில்லை. சிமெண்ட் தரையில் பதிவு பண்ண என்ன இருக்கிறது?

சாயங்காலம் கொத்தனார் வந்தார். காலைக் கூடக் கழுவவில்லை. குழி ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். இளையவள் வாசலில் கேஸ் அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

“சோறு ஆறுது.”

“வர்றேன்.”

“ஆறிப் போச்சு.”

“வர்றேங்கறேன்ல?”

வரவே இல்லை. நான் விளக்கைப் போட்டுத் தைக்க உட்கார்ந்தபோதும் அங்கேயேதான் இருந்தார். அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் என்ன, தெருவே திரண்டு வந்துவிட்டது. அடியில் கிடக்கிற ஆதிகாலத்துத் தரையை ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் மூத்தவளின் அடுப்பைப் பார்க்க வேண்டும். “ஐயோ, அதே அடுப்பு! இதுல நெருப்பு வாங்கிட்டுப் போவேனே” என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். மூத்தவளின் மகள் அடுத்த தெருவிலிருந்து வந்தாள். குழிக்குள் இறங்கி, அடுப்பு வாய்க்குள் கையை விட்டு, விரலில் ஒட்டிய கரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இளையவள் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். “குடு சித்தி” என்று வாங்கிக் குடித்துவிட்டு அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். இளையவள் காலி டம்ளரை வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள். எனக்கே பாவமாக இருந்தது.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் கொல்லைக் குழிக்கு மேல் தார்ப்பாய் கட்டினார்கள். மழைக்குள் அடித் தரையைப் பார்த்துவிட வேண்டும் என்று குழியம்மாவுக்கு அவசரம்.

“நாளைக்கு இந்த அடுப்பை எடுத்துடறோம்” என்றாள் கொத்தனாரிடம்.

“எடுக்க வேணாம்.”

“எடுத்தாதானே கீழ போக முடியும்?”

“கீழ போக வேணாம்.”

“சரிங்க, உங்க வீடு. நீங்க வேணாம்னா நாங்க மூடிட்டுப் போயிடறோம். யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க.” அவள் குரலில் வருத்தம் இருந்தது. ஆனாலும் வற்புறுத்தவில்லை.

அவர்கள் போனதும் வீட்டுக்குள் வெடித்தது. கொத்தனாரின் சட்டை ஒன்றுக்குப் பட்டன் வைத்துத் தர வேண்டியிருந்தது. அதைச் சாக்காக எடுத்துக்கொண்டு நான் போய்விட்டேன். அடிதடி ஆனால் பிரித்துவிட ஒரு ஆள் வேண்டாமா?

“மூடச் சொல்றீங்களா?” என்றாள் இளையவள்.

“மூடிடலாம்.”

“மூடிட்டு? மேல திரும்பத் தரை போடுவீங்களா, இல்ல சுத்திக் கம்பி கட்டி வேடிக்கை காட்டப் போறீங்களா? நான் எங்க நின்னு சமைக்கறது? இப்ப நிக்கற மாதிரி காலம் பூரா வாசல்லயே நின்னுக்கட்டா?”

“இதுக்குப் போய் ஏன்டி இப்படிக் கத்தற? வெறும் செங்கல்லும் மண்ணும்.”

“வெறும் செங்கல்லும் மண்ணும்னா எடுக்க வேண்டியதுதானே!”

கேட்டாள் பார் ஒரு கேள்வி! மனுஷர் குழிப் பக்கம் திரும்பிக்கொண்டார். “அவ கையால பூசினது” என்றார்.

“என் தரை மட்டும் யாரு தேச்சது? பக்கத்து வீட்டுக்காரியா? அதை உடைக்கறப்போ டப்பாவைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டீங்க. ஐயோன்னு ஒரு வார்த்தை உண்டா? அது இப்ப எங்க கிடக்கு தெரியுமா? சந்துல, சாக்கடைத் தண்ணியில. தெனமும் நீங்க மிதிச்சுக்கிட்டுத்தான் வர்றீங்க.”

“உடைக்கச் சொன்னது நீதானே?”

“நான்தான் சொன்னேன்! புத்தி கெட்டுப் போய்ச் சொன்னேன். இவ முதல் இல்லன்னு ஒருத்தர் வாயால கேட்டுடணும்னு சொன்னேன். இப்பப் பாருங்க, செத்தவ எந்திரிச்சு வந்து நடுவீட்டுல உக்காந்துட்டா. ஊரே வந்து பாத்துட்டுப் போகுது. எனக்குப் பொறாமைதான். ஆமா, பொறாமைதான். வயிறு எரியுது. அவ இருந்த வீட்டுல இருக்கேன், அவ புருஷனுக்குச் சோறு போடறேன், அவ பொண்ணுக்குத் தண்ணி குடுக்கறேன். எனக்குன்னு இந்த வீட்டுல என்னங்க இருக்கு? சொல்லுங்க பாப்போம். எதையாவது ஒண்ணக் காட்டுங்க.”

அவர் சுற்றிலும் பார்த்தார். நிஜமாகவே தேடுகிற மாதிரி பார்த்தார். அதைப் பார்த்துத்தான் அவள் அழ ஆரம்பித்தாள். நான் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கொத்தனார் வேலைக்குப் போகவில்லை. குழியம்மா ஆட்களோடு வந்தபோது அவர் குழிக்குள் இறங்கி நின்றிருந்தார். கையில் அவருடைய பூச்சுக் கரண்டி.

“நீங்க யாரும் தொட வேணாம். நானே எடுத்துத் தர்றேன்” என்றார்.

மேல் பூச்சைக் கீறி, முதல் செங்கல்லை ஆட்டி ஆட்டி உருவினார். ஒட்டியிருந்த மண்ணைக் கரண்டியால் சுரண்டினார். ஒரு பையன் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். கொத்தனார் அவனிடம் கொடுக்கவில்லை. கதவோரத்தில் நின்ற இளையவளை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்தா, பிடி.”

அவள் அசையவில்லை. செங்கல் அவர் கையிலேயே இருந்தது. அப்புறம் அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து வாங்கினாள்.

“கனமாத்தான் இருக்கு” என்றாள்.

அவர் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொல்லைச் சுவரோரம் அடுக்கினாள். கோணலில்லாமல், வரிசை பிசகாமல்தான் அடுக்கினாள். ஆனால் என் ஜன்னலைக் கடக்கும்போது முணுமுணுத்தாள், “பூ எடுக்கற மாதிரி எடுக்கறாரு பாருங்க டைலரக்கா. என்னை ஒருநாள் அப்படித் தொட்டிருப்பாரா?” நான் ஊசியில் நூலைக் கோத்தேன்.

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது. சாம்பல், உடைந்த சட்டி, மறுபடி மண், மறுபடி சாம்பல் என்று இறங்கிக்கொண்டே போனார்கள். தூறல் விழுந்தும் விழாமலும் போக்குக் காட்டியது. அடித் தரை தெரிந்த அன்று நாங்கள் எல்லாரும் போய்க் குழியைச் சுற்றி நின்றோம். இளையவள் சந்தையிலிருந்து வெங்காய வாடையோடு அப்படியே வந்து நின்றாள். கொத்தனாரும் இருந்தார்.

சிவந்து வெந்த களிமண் தரை. மூலையில் வட்டமாக ஒரு அடுப்பு, பக்கத்தில் கருகிப்போன தானியம் ஒரு கைப்பிடி. மூத்தவளின் அடுப்பு இருந்த அதே மூலைக்கு நேர் கீழே.

“எங்காளுங்களா மேடம்?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“யாரு ஆளுங்கன்னு தெரியாதுங்க. எங்கிருந்து வந்தாங்க, என்ன பேசினாங்க, ஒண்ணும் தெரியாது. அவங்களுக்கு முன்னாடி இங்க யாரும் இல்ல. அது மட்டும் நிச்சயம். இதுக்குக் கீழ கன்னி மண்ணு.”

“அப்படின்னா?”

“மனுஷக் கை படாத மண்ணு.” குழியம்மா தரையைக் காட்டினாள். “இங்க ஒரு விஷயம் பாருங்க. இந்த அடுப்புக்கு அடியில இன்னொரு அடுப்பு இருக்கு. அதை மூடி, மேல களிமண் பூசி, திரும்ப அடுப்பு போட்டிருக்காங்க. பூசின கை அப்படியே பதிஞ்சிருக்கு, தெரியுதா? உள்ளங்கையால அழுத்தி அழுத்திப் பூசியிருக்காங்க. முதல் அடுப்பு பழுதாயிருக்கும். அதே பொம்பளையே புதுசு போட்டிருக்கலாம்.”

“அவ இல்ல” என்றாள் இளையவள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

“இது வேற ஒருத்தி மேடம். தன் அடுப்பைத் தானே மூடறவ இவ்வளவு அழுத்திப் பூச மாட்டா.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குழியம்மா சிரிக்கவில்லை. “இருக்கலாம்மா. எங்களால அதைக் கண்டுபிடிக்க முடியாது” என்றாள். கொத்தனார் குனிந்து அந்தக் கைத்தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இளையவளின் கையைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் அவளை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

எல்லாம் எழுதி, படம் பிடித்து, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு, மணல் கொட்டிக் குழியை மூடிக் கொடுத்தார்கள். சொன்ன சொல் தவறவில்லை. கிளம்புகிற அன்று இளையவள் குழியம்மாவைப் பிடித்து நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாள்.

“மேடம், சந்துப் பக்கத்து மூலை இருக்கே, சமையக்கட்டுக் கதவு மூலை, அங்கயும் தோண்டிப் பாத்தீங்கல்ல? அங்க அடியில யாராவது இருந்தாங்களா?”

“அங்க ஒண்ணும் இல்லம்மா. குடியிருப்பு அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது. மேல இருந்து கீழ வரைக்கும் காத்துல வந்து சேர்ந்த வெறும் மணல்.”

“ஒருத்திகூட அடுப்பு வெக்கல?”

“ஒருத்திகூட இல்ல.”

மறுநாள் கொத்தனார் சிமெண்ட் குழைத்தார். நான் ஜன்னலில் இருந்தேன். சமையல் மேடையை எப்போதும் இருக்கிற மூலையில் வைக்கக் கயிறு பிடித்தார்.

“அங்க வேணாம்” என்றாள் இளையவள். “இந்த மூலையில கட்டுங்க.”

“இங்கயா? ஏய், இது கதவு மூலை. சந்துக் காத்து நேரா அடிக்கும். அடுப்பு நிக்கவே நிக்காது.”

“கதவைச் சாத்திட்டுச் சமைக்கறேன்.”

“வெளிச்சம் வராது. வெந்து போவே. அந்த மூலைதான் சரியான மூலை. அது தெரிஞ்சுதானே அத்தனை பேரும் அங்க வெச்சாங்க?”

“அத்தனை பேரும் அங்க வெச்சாங்க. அதனாலதான் எனக்கு வேணாங்கறேன்.”

அவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். தொழில் தெரிந்த மனுஷர். தப்பான இடத்தில் ஒரு செங்கல் வைக்கச் சொன்னாலும் கை வராது அவருக்கு. நான் வாயைத் திறந்து ‘சொன்னாக் கேளுடி’ என்று சொல்லப் போனேன். எனக்கென்ன தோன்றியதோ, சொல்லவில்லை.

கொத்தனார் கயிற்றைச் சுருட்டினார். இரண்டு எட்டு வைத்துக் கதவு மூலைக்கு வந்தார். குனிந்து கோடு போட்டார்.

“உன் இடுப்பு உயரம் காட்டு” என்றார். “இந்தத் தடவை அளந்து கட்டறேன்.”

அவள் அந்த மணலில் போய் நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றாள்.

இப்போது மத்தியானங்களில் அந்தக் கதவு சாத்தியே இருக்கிறது. என் ஜன்னலுக்குக் குழம்பு வாசனைதான் வரும், பேச்சு வராது. அவ்வப்போது அவள் கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டுவாள். முகமெல்லாம் வேர்வை ஊற்றும், முடி நெற்றியில் ஒட்டிக்கிடக்கும்.

“ரொம்ப அவியுதாடி? பழைய மூலைக்கே மாத்திக்கயேன்” என்று நேற்றுக் கூடக் கேட்டேன்.

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அவிஞ்சா அவியட்டும் டைலரக்கா,” என்றாள். “இங்க நான்தான் முதல்ல வந்தவ.”